சாவி யார் இடுப்பில்?

கோவை வாசகர் ஒருவர் எழுப்பிய வாதம்:

"சாமி கும்பிடும் பெண் தன்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று. எந்த மதத்தை எடுத்தாலும் பெண்ணுக்கு இரண்டாம் இடம்தான். ஒன்று கோயிலை விடுங்கள், இல்லாவிட்டால் உரிமைப் பேச்சை விடுங்கள். மலைமேல் இருப்பவர்களுக்கும் இதே கேள்விதான்."

ஜனவரி 5, இரவு

இதைப் படித்தபோது என் மடியில் மாரியம்மன் கோயில் கணக்கு நோட்டு கிடந்தது. மார்கழிப் பூசைச் செலவில் 340 ரூபாய் உதைத்தது. எங்கே பிசகினேன் என்று தேடிக்கொண்டிருந்ததால் பொறுமையாகப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். கோயிலை விடு என்கிறீர்கள். அது யாருடையது என்று முதலில் முடிவாகட்டும். என் கையில் இல்லாததை நான் எப்படி விடுவது?

ஜனவரி 6

340 ரூபாய் அகப்பட்டது. கற்பூரத்தை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள் நான். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பாயி கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும், முந்தானையில் முடிந்த ஒரு பிடி மண்ணும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண் அது. சுங்கத்தில் என்னவென்று கேட்டதற்கு மஞ்சள் தூள் என்று சொன்னாளாம்.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் அந்த மண்ணைக் கொட்டி, மேலே ஒரு கல்லை நட்டாள். அவளே விளக்கு வைத்தாள், அவளே திருநீறு கொடுத்தாள். அவளுக்கு முடியாத நாளில் அடுத்த லயத்துக் கிழவி பார்த்துக்கொண்டாள். மழை பெய்தால் அம்மனும் நனைந்தாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த கோயில் அதுதான்.

பிறகு எல்லோரும் சேர்ந்து காசு போட்டுக் கட்டடம் எழுப்பினார்கள். கூரை வந்தது. கதவு வந்தது. கதவு வந்ததால் பூட்டு வந்தது. பூட்டின் சாவி கமிட்டித் தலைவரின் இடுப்புக்குப் போயிற்று. கும்பாபிஷேகத்தன்று அப்பாயியை வாசற்படிக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். சுவரில் பதித்த கல்வெட்டில் பதினாறு பெயர்கள். பதினாறும் ஆண்கள். பிடிமண் கொண்டுவந்தவள் பெயர் இல்லை.

மரத்தடியில் இருந்தவரை தீட்டு நாளில் யாரும் வெளியே நின்று நான் பார்த்ததில்லை. உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே வெளியே நிற்பதற்கு?

ஜனவரி 6, பிறகு

மேலே எழுதியதன் கடைசி வரி கொஞ்சம் அலங்காரமாகிவிட்டது. உண்மை என்னவென்றால், அப்பாயியும் அந்த மூன்று நாள் விளக்கு வைக்க மாட்டாள். "முடியாத நாள்" என்று நான் எழுதியது அதையும் சேர்த்துத்தான். ஆனால் தானாக ஒதுங்கினாள், தன் இடத்துக்கு இன்னொரு பெண்ணை வைத்துவிட்டு ஒதுங்கினாள். இன்று ஒதுங்கினால் அந்த இடத்தில் ஆண் இருக்கிறார். இந்த வித்தியாசம் உங்களுக்குச் சின்னதாகத் தெரியலாம்.

ஜனவரி 8

பதில் எழுதியவர்கள் ஆண்டாளைக் கொண்டுவந்துவிட்டார்கள். எதிர்பார்த்தேன், ஆனால் மூன்றாவது பதிலிலேயே வருவாள் என்று நினைக்கவில்லை. அடுத்து காரைக்கால் அம்மையார், அதற்கடுத்து ஔவையார். நம் ஊரில் பெண்களைப் பற்றிய விவாதம் எதுவானாலும் இந்த மூவருக்கும் ஓய்வே இல்லை. தயவுசெய்து அவர்களை விட்டுவிட்டு உங்கள் தெருக் கோயில் கமிட்டியில் எத்தனை பெண்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள்.

ஜனவரி 9

எண்ணிச் சொன்ன ஒரே ஒருவர் கூடலூர்க்காரர். "ஒருவர். தலைவரின் மனைவி. தலைவர் இறந்த பிறகு." நன்றி.

தீட்டைப் பற்றிக் கேட்டவருக்கு: எங்கள் கோயில் இருப்பது தேயிலைச் சரிவின் அடியில். அந்த மூன்று நாளில் கோயில் வாசலை மிதிக்கக் கூடாத பெண், அதே மூன்று நாளும் கோயிலுக்கு நேர் மேலே இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கிறாள். காலையில் பேர் கொடுக்கும்போது மேஸ்திரி தீட்டா என்று கேட்பதில்லை. அந்தக் கை பட்ட இலை வாடி, நொறுங்கி, புளித்து, காய்ந்து, தூளாகி, பூசாரியின் டம்ளருக்கும் போகிறது. காலை பூசைக்கு முன்பு அவர் இரண்டு டம்ளர் குடிப்பார். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதுகிறவள். எந்தப் பதிவேட்டிலும் தீட்டுக் கழிவு என்று ஒரு பத்தி கிடையாது.

ஜனவரி 13

ஹெத்தையம்மன் பண்டிகைக் காலம். மாவட்டத்துக்கே விடுமுறை விடுகிற திருவிழா. பேரகணிக்குப் போகிற வழியில் படுகர் ஊர்களிலிருந்து வெள்ளை உடையில் வரிசை வரிசையாக நடந்து வருகிறார்கள், வெறுங்காலுடன், குடை பிடித்துக்கொண்டு. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பச்சைச் சரிவில் பால் கொட்டிக் கோடு போட்டதைப் போல இருந்தது.

ஹெத்தை என்றால் பாட்டி. மூதாட்டி ஒருத்தியைத் தெய்வமாக்கி, ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து விழுந்து கும்பிடுகிறார்கள். பூசை செய்பவன் மட்டும் ஒரு சிறுவன். தோடர்களிடமும் இதே கதைதான். அவர்களின் தலையாய தெய்வம் பெண், எருமையும் பாலும் நெய்யும்தான் வழிபாடு, ஆனால் பால்மனைக் கோயிலுக்குள் பெண் கால் வைப்பதில்லை, பால் கறப்பதும் ஆண்களே. மலைக்கு மலை, மொழிக்கு மொழி மாறினாலும் தெய்வம் பாட்டி, பூசாரி பேரன் என்கிற ஏற்பாடு மட்டும் மாறவில்லை. இந்த இடத்தில் கோவை வாசகர் சொல்வது சரிதான் என்று தோன்றுகிறது.

ஜனவரி 14

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, என்னோடு வேலை பார்க்கும் படுகத் தோழி மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னை ஒரு பிடி பிடித்தாள். "பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டுப் பரிதாபப்பட்டு எழுதுகிறாயா? எங்களில் புருஷன் செத்தால் மறுபடியும் கட்டிக்கொள்வது பழைய வழக்கம். ஒத்துவராவிட்டால் பிரிந்துபோவதும் பழைய வழக்கம். வரதட்சணை வழக்கம் கிடையாது. உங்கள் அம்மன் கோயிலில் பெண்கள் குடமெடுத்துக் கும்மியடிக்கிறீர்கள், சரி. உன் சித்தி இருபத்தாறு வயதில் தாலி அறுத்து இன்றுவரை தனியாக இருக்கிறாளே, அதை எழுதினாயா?"

எழுதவில்லை. பூசாரி யார் என்று பார்ப்பதே அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் இதெல்லாம் கண்ணில் படாது. சித்திக்கு மறுமணம் செய்யலாம் என்று 1990களில் ஒரு பேச்சு எழுந்தபோது, "சாமி குத்தம்" என்று தடுத்தவள் வேறு யாருமில்லை, மஞ்சள் தூள் என்று சுங்கத்தை ஏமாற்றிய என் அப்பாயிதான்.

ஜனவரி 27

இரண்டு வாரம் எழுதவில்லை. தொழிற்சாலையில் தணிக்கை.

"மதத்துக்குள் இருந்து போராடி எந்தப் பெண் ஜெயித்தாள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நம் ஊட்டியிலேயே ஒரு வீடு அதற்குச் சாட்சி. மேரி ராய், சிரியன் கிறிஸ்தவர், கணவரைப் பிரிந்து இரண்டு குழந்தைகளுடன் தன் தந்தை விட்டுப்போன ஊட்டி வீட்டில் வந்து தங்கினார். உடன்பிறந்தவர் வந்து வெளியேறச் சொன்னார். திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டப்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதிதான் என்பது நியாயம். மேரி ராய் உச்ச நீதிமன்றம்வரை போனார். 1986இல் தீர்ப்பு வந்தது: அந்தச் சட்டம் செல்லாது, மகளுக்கும் சம பங்கு.

கேரளத்துச் சபைகளில் எதிர்ப்புக் கிளம்பியது. குடும்பங்கள் உடையும் என்றார்கள். குடும்பம் உடைவதற்குக் காரணம் பங்கு கேட்கும் தங்கையா, தங்கையை வீட்டைவிட்டு இறங்கச் சொல்லும் அண்ணனா என்று யாரும் பிரசங்கத்தில் கேட்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 2

திருத்தம். பாதி என்று எழுதியது தவறு. 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளுக்கு மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கணக்கெழுதுகிறவள் இப்படிப் பிசகலாமா என்று குன்னூரிலிருந்து ஒருவர் கேலி செய்திருக்கிறார். என் மனம் தானாகவே அந்தச் சட்டத்துக்குக் கொஞ்சம் தாராளம் சேர்த்துவிட்டது போலிருக்கிறது. "எது குறைவோ அது" என்கிற மூன்று சொல்லை எழுதியவர் எப்படிப்பட்ட ஆளாக இருந்திருப்பார் என்று இன்று காலை இட்லி ஊற்றும்போது யோசித்தேன்.

பிப்ரவரி 11

சபரிமலை வந்தே தீரும் என்று தெரியும். வந்துவிட்டது.

2018 செப்டம்பர் 28 தீர்ப்பு, நாலுக்கு ஒன்று. பத்திலிருந்து ஐம்பது வயதுவரையுள்ள பெண்களையும் அனுமதிக்க வேண்டும் என்று நான்கு ஆண் நீதிபதிகள் சொன்னார்கள். அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி இந்து மல்ஹோத்ரா மாறுபட்டு எழுதினார். நம்பிக்கையில் பகுத்தறிவைப் புகுத்துவது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பது அவர் வாதம். அன்று இரவு எங்கள் வீட்டில் சண்டை. நான் எந்தப் பக்கம் என்று கேட்டார் என் கணவர். போக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை, போகக்கூடாது என்று சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை என்றேன். "இது என்ன பதில்?" என்றார். இன்றைக்கும் அதேதான் என் பதில்.

ஆனால் மலைக்குப் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், மாலை போட்ட வீட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கார்த்திகை முதல் தேதி அவர் மாலை போடுவார். மறுநாளிலிருந்து நான்கு மணிக்கு எழுவது நான். நீலகிரிக் கார்த்திகையில் நான்கு மணி என்றால் என்ன என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. புல்லில் உறைபனி உப்பு தூவியதைப் போலக் கிடக்கும், குழாயைத் திறந்தால் முதலில் காற்றுதான் வரும். தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைக்க வேண்டும். தனிப் பாத்திரம், தனிச் சமையல், வெங்காயம் பூண்டு இல்லை. அந்த மூன்று நாள் வந்தால் நான் பக்கத்து வீட்டுக்குப் போய்த் தங்குவேன். என் சம்பளத்தில் தவணை கட்டுகிற வீட்டைவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு. ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக்காரரும் மாலை போட்டுவிட்டார். அவர் மனைவிக்கும் எனக்கும் ஒரே நாள். இரண்டு பேரும் பாயும் கையுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்து, இனி யார் வீட்டுக்குப் போவது என்று சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்தது.

மாலை அவர் கழுத்தில். விரதம் என் உடம்பில்.

பிப்ரவரி 12

"அப்படியானால் ஏன் செய்கிறீர்கள்" என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அந்த நாற்பத்தொரு நாளும் அவர் குடிப்பதில்லை. போதுமா?

பிப்ரவரி 12, மறுபடியும்

போதாது, தெரிகிறது. குடி மட்டும் காரணமல்ல. நான்கு மணிக்குக் குளித்துவிட்டு விளக்கேற்றும்போது வீட்டில் வேறு யாரும் விழித்திருக்க மாட்டார்கள். அந்த அரை மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதை வேறு எந்தப் பெயரில் கேட்டாலும் இந்த வீட்டில் கிடைத்திருக்காது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

பிப்ரவரி 26

ஊட்டி காந்தலில் இருக்கும் என் கத்தோலிக்கச் சிநேகிதி சொன்னதை அவள் அனுமதியோடு எழுதுகிறேன். "பீடத்துணியைத் துவைத்து, கஞ்சி போட்டு, பெட்டி போடுவது நான். ஒரு சுருக்கம் இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது. அதன்மேல் அப்பத்தை வைக்க மட்டும் என் கைக்குத் தகுதி இல்லை." 1994இல் போப் இரண்டாம் ஜான் பால், பெண்களுக்குக் குருப்பட்டம் தரத் திருச்சபைக்கு அதிகாரமே கிடையாது என்று எழுதிக் கதவைச் சாத்திவிட்டார். தென்னிந்தியத் திருச்சபையில் அப்படி இல்லை. அங்கே பெண் போதகர்கள் இருக்கிறார்கள், 2013இல் நந்தியால் மண்டலத்துக்கு ஒரு பெண்ணே பேராயரானார். "நீ அங்கே மாறிவிடலாமே" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என் அம்மா வீட்டில் சோறு சரியில்லை என்றால் உன் அம்மாவை அம்மா என்று கூப்பிடுவேனா?"

கோவை வாசகரே, உங்கள் "விட்டுவிடு" இந்த இடத்தில்தான் இடறுகிறது. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் பெண்களுக்கென்று ஒரு ஜமாத்தைத் தொடங்கியபோதும், இஸ்லாத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று அவர் யாரையும் கூப்பிடவில்லை. ஒரு பெண்ணின் தலாக்கை அவள் இல்லாத அறையில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்து பேசி முடிப்பதா என்று கேட்டார்.

மார்ச் 9

இன்று மகளிர் தினக் கோலப் போட்டியிலிருந்து திரும்பினேன். நேற்றுத்தான் மகளிர் தினம், ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டதால் இன்று நடத்தினார்கள். அதைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பரிசாக ஒரு பூரிக்கட்டை கொடுத்தார்கள்.

இன்றைக்கு எழுத வந்தது என் அத்தையைப் பற்றி.

அப்பாவின் அக்கா. அவருக்கு அம்மன் வரும். மற்ற நாளில் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். மேஸ்திரி எதிரே வந்தால் கூடையைக் கீழே வைத்துவிட்டு வழி விடுவார். 1987ஆக இருக்க வேண்டும், எனக்குப் பதினோரு வயது. அப்போது இலை நிறுக்கும்போது ஈரக் கழிவு என்று ஒவ்வொரு கூடைக்கும் எடையில் குறைப்பார்கள். மழைக்காலத்தில் இலையில் தண்ணீர் இருக்கும், சரி. பனியும் மழையும் இல்லாத, மண் வெடித்துக் கிடக்கும் மாசியிலும் அதே கழிவு. எல்லோரும் புலம்புவார்கள், லயத்துக்குள் மட்டும்.

அந்தச் சித்திரைத் திருவிழாவில் கரகம் இறங்கும் நேரம். பம்பை அடி உச்சத்தில். அத்தைக்கு வந்துவிட்டது. முடி அவிழ்ந்து, வேப்பிலைக் கொத்தோடு கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போய் மேஸ்திரியின் முன்னால் நின்றார். "என் பிள்ளைகள் பறிக்கிற இலைக்கு மாசியில் என்னடா ஈரம்? நானா வந்து மூத்திரம் பெய்தேன்?"

பம்பை நின்றுவிட்டது. மேஸ்திரி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, மேலே சொல்கிறேன் தாயே" என்றார். தலையில் வேப்பிலையால் ஓர் அடி வைத்துத் திருநீறு கொடுத்தார் அத்தை. அடுத்த வாரம் கழிவு பாதியாகக் குறைந்தது. தொழிற்சங்கம் இரண்டு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்த விஷயம்.

மறுநாள் காலை அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டு அதே மேஸ்திரிக்கு வழி விட்டார். என் கண்ணால் பார்த்தேன்.

மார்ச் 10

பதில்கள் நான் நினைத்த மாதிரியே வந்திருக்கின்றன. ஒருவர்: "அடக்கப்பட்ட மனத்தின் வெடிப்பு, மருத்துவரிடம் காட்ட வேண்டும்." இன்னொருவர்: "அம்மனின் சக்திக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?" இரண்டு பேருமே அத்தையை அந்த இடத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். ஒருவருக்கு அது நோய், மற்றவருக்கு அது தெய்வம். பேசியது யார் என்று அவரையே கேட்டுவிடுவதாக இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

மார்ச் 17

கேட்டுவிட்டேன்.

அத்தை இப்போது மகன் வீட்டில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. வேலையிலிருந்து நின்று இருபது வருஷம் ஆகியும் ஆள்காட்டி விரல் வெடிப்புகளில் கொழுந்துக் கறை கறுப்பாக அப்படியே இருக்கிறது. நான் போனபோது வெயிலில் முறம் வைத்துப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து நாலு பல் உரித்துவிட்டுக் கேட்டேன். "அத்தை, அன்றைக்கு மேஸ்திரியிடம் பேசியது உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

"எல்லாம் நினைவிருக்கிறது. மூத்திரம் என்று சொன்னதும் நினைவிருக்கிறது. அதை மட்டும் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்லியிருக்கலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அதிர்ச்சியும். "அப்படியானால், அம்மன் வந்தது?"

"வந்தது." தோலை வாயால் ஊதித் தள்ளினார். "வராமல் அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வருமா?"

மார்ச் 18

இரவெல்லாம் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். நிஜமா நடிப்பா என்று நான் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அம்மனும் இருந்தாள், அவரும் இருந்தார், ஈரக் கழிவின் கணக்கும் அவர் தலைக்குள் இருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில்.

ஆனாலும் ஓர் உறுத்தல். வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற வாய். மீதி முந்நூற்றறுபத்துநாலு நாள் கூடையைக் கீழே வைக்க வேண்டும். கோவை வாசகர் இதைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். இந்த ஒரு நாள் அந்த மீதி நாள்களைப் பொறுத்துக்கொள்ள வைக்கிறதா? வைக்கிறது. அதே ஒரு நாள்தான் எடையையும் சரி செய்தது.

மார்ச் 30

சித்தி மகளின் வளைகாப்புக்குக் கொடைக்கானல் போயிருந்தேன். ஊட்டிக்காரிக்குக் கொடைக்கானல் என்றால் பக்கத்து வீட்டு மருமகளைப் பார்ப்பதைப் போல, குறை கண்டுபிடிக்கத்தான் போவோம். குளிர் போதாது.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தக் கோயிலை 1936இல் கட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. இலங்கைக்கு வந்து, சைவராகி, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்டு, சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்தவர். இராமநாதன் 1930இல் இறந்தார். அதாவது, கோயில் கட்டும்போது அவர் கைம்பெண். எங்கள் ஊர்க் கணக்குப்படி நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாதவர்.

வளைகாப்புக்கு வந்திருந்த சித்தி தாலி அறுத்தவர் என்பதால் மகளுக்கு வளையல் போடாமல் ஓரமாக நின்றார். காலையில் அதைப் பார்த்துவிட்டு மாலையில் இந்தக் கோயில். இலங்கையிலிருந்து தெய்வத்தோடு வந்த இரண்டு பெண்களை நினைத்துக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றினேன். லீலாவதி அம்மையார் பெயரை இன்றும் சொல்கிறார்கள். அப்பாயி பெயர் கல்லில் இல்லை. பக்தியில் இருவரும் கூடக் குறைய இருந்திருக்க மாட்டார்கள். ஒருவருக்குப் பணம் இருந்தது, சர் பட்டம் பெற்றவரின் மனைவி என்ற அந்தஸ்து இருந்தது.

மேலே ஜனவரியில் சாவியைப் பற்றி எழுதியபோது ஆண், பெண் என்று மட்டும் பார்த்தேன். கைப்பையின் கனத்தையும் பார்த்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 6

"சட்டம் இருக்கிறது, கேளுங்கள்" என்று எழுதிய வழக்கறிஞருக்கு நன்றி. பின்னியக்காள் வழக்கு எனக்கும் தெரியும். உசிலம்பட்டி அருகே நல்லுத்தேவன்பட்டி துர்க்கையம்மன் கோயிலில் தந்தைக்குப் பிறகு பூசை செய்ய வந்தவரைப் பெண் என்று தடுத்தார்கள். 2008இல் நீதிபதி சந்துரு அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2023இல் மூன்று பெண்கள் அரசின் அர்ச்சகர் பயிற்சியை முடித்தார்கள். இவையெல்லாம் பத்திரிகையில் வந்தபோது கத்தரித்து வைத்திருக்கிறேன். ஆனால் நான் பூசை செய்யக் கேட்கவில்லை. எனக்கு மந்திரமும் தெரியாது, குரலும் கிடையாது.

நேற்றுக் கமிட்டிக் கூட்டம். சித்திரைத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிப்பதைப் பற்றி. ஆறு வருஷமாகக் கணக்கு என் கையெழுத்தில், நோட்டீஸில் பொருளாளர் என்று என் கணவர் பெயர். அவருக்குக் கூட்டல் தெரியும், பெருக்கல் கொஞ்சம். எழுந்து இரண்டு விஷயம் கேட்டேன். நோட்டீஸில் என் பெயர். இரண்டு சாவிகளில் ஒன்று.

தலைவர் கெட்டவர் அல்ல. என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது நடு இரவில் ஜீப் எடுத்தவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "கணக்கு வீட்டிலிருந்தே எழுதலாம், அம்மா. சாவி என்றால் எல்லா நாளும் வர வேண்டுமே. உங்களால் எல்லா நாளும் முடியுமா?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு அது நின்று ஒன்பது மாதம் ஆகிறது. எழுந்து அதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். வாய் வரவில்லை. பம்பையும் இல்லை.

ஏப்ரல் 7

சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். என் மகளுக்குப் பதினெட்டு வயது. நான் அதைச் சொல்லிச் சாவி வாங்கினால், நாளைக்கு அவள் கேட்கும்போது என் பதிலையே எடுத்துக் காட்டுவார்கள். இது கூட்டத்தில் தோன்றவில்லை, வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது. ஆக, கூட்டத்தில் நான் பேசாமலிருந்தது கொள்கையால் அல்ல, வெட்கத்தால்தான். பிறகு கொள்கை வந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

ஏப்ரல் 11

நோட்டீஸ் வந்துவிட்டது. மஞ்சள் தாள், நாலு வண்ணத்தில் அம்மன். பொருளாளர்: என் கணவர். என் கணவர் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் சொல்லித்தான் பார்த்தேன்" என்றார். சொன்னார், நான் நம்புகிறேன். தலைப்பெழுத்தும் தப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 15, இரவு

காப்புக் கட்டுவதற்கு முன்பு வரவு செலவை வாசிக்க வேண்டும் என்பது வழக்கம். அதற்காகக் கணக்கு நோட்டை வாங்கிவரத் தலைவர் முந்தாநாள் ஒரு பையனை அனுப்பினார். வீட்டுக்குத் தூரம் என்று சொல்லி அனுப்பினேன். நோட்டு என் அறையில் இருக்கிறது, என் பாயோடு இருக்கிறது, கோயில் பொருள் அல்லவா, தொட்டுக் கொடுக்க முடியாது, நீயும் தொடாதே என்றேன். பையன் இரண்டு அடி பின்னால் போனான். என் கணவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் குலுங்கியது.

இன்று மறுபடியும் வந்தான். இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றேன். கணக்கை வாசிக்காமல் காப்புக் கட்ட முடியாது, அதனால் நாளைக்குத் தலைவரே நேரில் வருகிறாராம். வரட்டும், வாசலில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

சொன்ன பொய்க்கு ஓர் எலுமிச்சம்பழம் அம்மனுக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்து ரூபாய். அதை நோட்டில் எழுதவில்லை.